எல்லாக் கேள்விக்கும் முதல் கட்டம்

பெரியவனே,

போன ஞாயிற்றுக்கிழமை நீ சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ரசம் எடுத்து வருகிறேன் என்று உள்ளே போனவள், வெகுநேரம் திரும்பி வரவில்லை. நீ இரண்டு தடவை கூப்பிட்டாய். வந்த பிறகு என் முகத்தைப் பார்த்து என்னவென்று கேட்டாய். தலை வலிக்கிறது என்றேன். தலை வலிக்கவில்லை. நீ உன் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்த ஒரு விஷயம் காதில் விழுந்ததும் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். அப்போதே வெளியே வந்து சொல்லியிருக்கலாம். ரேவதி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். உன் மனைவி எதிரில் உன்னைக் கேள்வி கேட்க எனக்கு மனசு வரவில்லை. போனில் சொன்னாலோ, "சரிம்மா, சரிம்மா" என்று நீ வேறு எதையோ பார்த்துக்கொண்டே கேட்பாய். அதனால் எழுதுகிறேன். பத்தாவதோடு நின்றவள்தான் நான், ஆனால் வேலை பார்த்த கம்பெனியில் பாதிப் பேருக்கு லீவ் லெட்டர் எழுதிக் கொடுத்தவள். எழுதுவதில் எனக்குக் கூச்சமில்லை. எழுதப்போகிற விஷயம்தான் கூச்சமாக இருக்கிறது.

நீ அப்பாவிடம் சொன்னது இது. உங்கள் ஆபீசில் எல்லோருக்கும் ஒரு ஃபார்ம் அனுப்பியிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் மன அழுத்தம் எவ்வளவு இருக்கிறது என்று அவரவரே பத்துக் கேள்விக்குப் பதில் போட வேண்டும், அதைக் கூட்டி ஒரு எண் வரும். போன தடவை உன்கீழ் வேலை பார்க்கும் பன்னிரண்டு பேருக்கும் எண் அதிகமாக வந்து, மேனேஜர் உன்னை அறைக்குள் கூப்பிட்டு, அவர்களை என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்று கேட்டிருக்கிறார். அதனால் இந்த முறை நீ முன்கூட்டியே வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டாய்: "பார்த்துப் போடுங்க, போன தடவை மாதிரி வேணாம்." பன்னிரண்டு பேரும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டியிருக்கிறார்கள். உன்னுடையதை ஒரே நிமிடத்தில் முடித்துவிட்டதாகவும் சொன்னாய். உன் அப்பா, "இதுல இன்னா கீது, ஒரு ஃபார்ம்தானே" என்றார். நீ சிரித்தாய். வெள்ளிக்கிழமை வரை நேரமிருக்கிறது என்றாய்.

நீ பன்னிரண்டாவது படித்த வருஷம் உனக்கு நினைவிருக்கும். அந்த வருஷம்தான் நான் சூப்பர்வைசர் வேலையை விட்டுவிட்டு மறுபடியும் தையல் மிஷினில் போய் உட்கார்ந்தேன். முட்டி வலி, நாள் முழுக்க நிற்க முடியவில்லை, நானே கேட்டு வாங்கிக்கொண்டேன் என்று உங்களிடம் சொன்னேன். நீயும் நம்பினாய், உன் அப்பாவும் இன்றுவரை அதைத்தான் நம்புகிறார். ஆவடி பூந்தமல்லி ரோட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டிவிட்டு வந்து, தைலம் எடுத்து என் முட்டிக்குத் தேய்த்துவிடுவார். நானும் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என் முட்டிக்கு அப்போது ஒன்றுமில்லை.

நான் வேலை பார்த்தது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி. சட்டை தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். பதினோரு வருஷம் மிஷினில் உட்கார்ந்து, பிறகு ஒரு லைனுக்கு சூப்பர்வைசர் ஆனேன். இருபத்தெட்டுப் பெண்கள். ஒரு மணி நேரத்துக்கு இத்தனை பீஸ் என்று போர்டில் எழுதியிருக்கும். குறைந்தால் மேனேஜர் என்னைத் திட்டுவார், நான் அவர்களைத் திட்டுவேன். மிஷினில் இருந்தபோது எந்த வார்த்தையெல்லாம் என்னைக் குத்தியதோ, அதே வார்த்தைகளை இரண்டே வருஷத்தில் நான் சொல்லப் பழகியிருந்தேன். பாத்ரூம் போனால் கடிகாரத்தைப் பார்ப்பேன். குழந்தைக்குக் காய்ச்சல் என்று லீவ் கேட்டால், போன மாசமும் காய்ச்சல்தானே என்பேன். இதை எழுத எனக்கு அசிங்கமாக இருக்கிறது. ஆனால் இதை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னால் உனக்குப் புரியாது.

ஒரு நாள் வெளியிலிருந்து ஷாலினி என்று ஒரு பெண் வந்தார். வேலை செய்கிற பெண்களின் மனநலம் பற்றிப் படித்தவர். எங்கள் சட்டைகளை வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் கேட்டதால் கம்பெனி அவரை வரவழைத்திருந்தது. ஆளுக்கு ஒரு தாள், ஒரு பென்சில். தமிழில் பத்துக் கேள்வி. கடந்த ஒரு மாதத்தில் இப்படி எத்தனை முறை உணர்ந்தீர்கள் என்று கேட்டு, எதிரே ஐந்து கட்டம். முதல் கட்டம் 'ஒருபோதும் இல்லை', கடைசிக் கட்டம் 'எப்போதும்'. பெயர் எழுத வேண்டாம், டோக்கன் நம்பர் மட்டும் போதும், யாருக்கு எண் அதிகமாக வருகிறதோ அவர்களைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவேன், தேவைப்பட்டால் டாக்டரிடம் அனுப்பி லீவும் வாங்கித் தருவேன் என்று அவர் தெளிவாகத்தான் சொன்னார். ஆனால் அதற்கு முந்தின நாளே மேனேஜர் சூப்பர்வைசர்களை நிற்க வைத்து, எந்த லைனில் எண் அதிகம் வருகிறதோ அந்த லைனை நடத்தத் தெரியாதவர் யார் என்று தனக்குத் தெரிந்துவிடும் என்று சொல்லியிருந்தார். நான் லைனுக்கு வந்து, எல்லாக் கேள்விக்கும் முதல் கட்டத்தில் டிக் போடுங்கள் என்றேன். இருபத்தெட்டுப் பேரும் போட்டார்கள். நானும் போட்டேன்.

இரண்டு நாளில் ஷாலினி கண்டுபிடித்துவிட்டார். பத்தில் நாலு கேள்வி தலைகீழாகத் திருப்பிக் கேட்கப்பட்டவை. 'உங்கள் கஷ்டங்களை உங்களால் சமாளிக்க முடிகிறது என்று தோன்றியதா' என்பது போல. அதற்கும் எங்கள் லைன் முழுக்க 'ஒருபோதும் இல்லை' என்று போட்டிருந்தது. கவலையே கிடையாது, சமாளிக்கவும் முடியாது என்று இருபத்தொன்பது பேர் ஒரே மாதிரி எழுதியிருந்தோம். ஷாலினி யாரையும் குறை சொல்லவில்லை, திங்கட்கிழமை மறுபடியும் நிரப்பலாம் என்று மட்டும் சொன்னார். மேனேஜர்தான் என்னைக் கூப்பிட்டு, ஒரு தாளைக்கூட ஒழுங்காக எழுத வைக்கத் தெரியவில்லையா என்று கேட்டார். நான் அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டு வந்து படித்தேன். எந்த ஆறு கேள்வி நேரானது, எந்த நாலு கேள்வி திரும்பியது என்று குறித்துக்கொண்டேன். நீ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய், உனக்கு எதிரே நானும் அதைப் படித்துக்கொண்டிருந்தேன். என்னம்மா என்று கேட்டாய். கம்பெனி விஷயம் என்றேன். திங்கட்கிழமை லைனில் எல்லோருக்கும் அதைப் பாடமாகவே நடத்தினேன்.

தாள்களை வாங்கி அடுக்கும்போது ஒரு தாள் மட்டும் வேறு மாதிரி இருந்தது. காலர் வைக்கும் தேவகியுடையது. இருபத்து நாலு வயசு, பட்டாபிராமில் வீடு, இரண்டு வயசில் ஒரு பெண் குழந்தை. அதிகம் பேசமாட்டாள். மற்றவர்கள் பத்து நிமிடத்தில் முடித்துத் தந்ததை அவள் அரை மணி நேரம் வைத்திருந்தாள். கடைசிக் கட்டம், கடைசிக் கட்டம், அதற்கு முந்தின கட்டம் என்று அழுத்தி அழுத்திப் போட்டிருந்தாள். திருப்பிக் கேட்ட கேள்விகளைக் கூடச் சரியாகப் படித்து, முதல் கட்டத்தில் போட்டிருந்தாள். நான் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, நான் சொன்னது காதில் விழவில்லையா என்று கேட்டேன்.

"விழுந்துச்சுக்கா. ஆனா கேக்கறாங்களேன்னு எழுதிட்டேன். இதுவரைக்கும் யாரும் என்னை இப்படிக் கேட்டதில்ல" என்றாள்.

போ என்றேன். அவள் மிஷினுக்குப் போன பிறகு செக்கிங் டேபிளிலிருந்து ஒரு ரப்பரை எடுத்துக்கொண்டு நூல் ஸ்டோருக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, அவள் போட்ட பத்து டிக்கையும் அழித்தேன். அழுத்திப் போட்டிருந்ததால் சீக்கிரம் போகவில்லை. தாள் கிழிந்துவிடுமோ என்று பயந்து பயந்து அழித்தேன். பிறகு நானே டிக் போட்டேன். அவளுடைய டோக்கன் நம்பர் அப்படியே இருந்தது.

அடுத்த வாரம் வேறு லைன்களிலிருந்து ஐந்தாறு பேரை ஷாலினி கூப்பிட்டுப் பேசினார். அவர்கள் ஒவ்வொருவராக எழுந்து ஆபீஸ் அறைக்குப் போவதைத் தேவகி காலர் வைத்துக்கொண்டே பார்ப்பாள். புதன்கிழமை என்னிடம் வந்து, "அக்கா, என்னைக் கூப்பிடலையா?" என்றாள். கூப்பிடுவார்கள் என்றேன். வெள்ளிக்கிழமை மறுபடி கேட்டாள். பேர் அதிகம், வரிசையாகத்தானே வரும் என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். என் வார்த்தையை நம்பித்தான் போனாள்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை அவள் வேலைக்கு வரவில்லை. பதினோரு மணிக்கு அவள் புருஷன் கேட்டில் வந்து நிற்கிறான் என்றார்கள். வெல்டிங் பட்டறையில் வேலை பார்ப்பவன், பட்டறை உடுப்போடே வந்திருந்தான். ஏழரைக்கே குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பியிருக்கிறாள். எப்போதும் வேலைக்கு வந்ததும் அந்த வீட்டுக்கு ஒரு போன் பண்ணுவாளாம், அன்று பண்ணவில்லை. இவன் கூப்பிட்டால் மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. "காலைல குழந்தையை ரொம்ப நேரம் தூக்கி வெச்சிக்கினு நின்னாளாம்க்கா" என்றான். அதைக் கேட்டதும் நான் திரும்பி உள்ளே ஓடினேன். மேனேஜரிடம் வெளியே போக வேண்டும் என்றேன். இன்றைக்குச் சரக்கு ஏற்ற வேண்டும், முடியாது என்றார். நான் கழுத்தில் மாட்டியிருந்த கார்டைக் கழற்றி அவர் மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். துணிச்சலில் இல்லை. வேறு வழி தெரியவில்லை.

புருஷனை ஆவடியில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நான் பட்டரவாக்கம் ஸ்டேஷனுக்கு ஓடி ஆவடி போகும் ரயிலில் ஏறினேன். அவள் வரும் பாதை அதுதான், ஒவ்வொரு ஸ்டேஷனாகப் பார்க்கலாம் என்று. அம்பத்தூரில் இல்லை. அம்பத்தூர் தாண்டி, திருமுல்லைவாயிலுக்கு முன்னால் ரயில் நின்றுவிட்டது. ஐந்து நிமிடம் ஆயிற்று, பத்து நிமிடம் ஆயிற்று. கதவோரம் நின்ற ஒருவர், ட்ராக்கில் யாரோ விழுந்துவிட்டார்களாம் என்றார். இன்னொருவர் லேடீஸாம் என்றார். நான் கீழேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கினேன், திறக்க வரவில்லை. அந்த இருபது நிமிடம் நான் சாமியைக் கும்பிடவில்லை. பத்துக் கேள்வியையும் வரிசையாக மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன், அவள் எதில் என்ன போட்டிருந்தாள் என்று. எல்லாம் நினைவிருந்தது.

ரயில் நகர்ந்தது. சிக்னல் கோளாறு என்று பிறகு தெரிந்தது. யாரும் விழவில்லை. திருமுல்லைவாயில் பிளாட்பாரத்தில், கடைசிப் பெஞ்சில், கம்பெனியின் நீலக் கோட்டோடு தேவகி உட்கார்ந்திருந்தாள். சாப்பாட்டுப் பை மடியில் இருந்தது. நான் போய் அவள் கையைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது. இங்கே என்ன செய்கிறாய் என்று கேட்டேன்.

"மூச்சு முட்டுச்சு, எறங்கிட்டேன். அடுத்த ட்ரெய்ன்ல ஏறலாம்னு குந்திகினு கீறேன். ட்ரெய்ன் வருது, போவுது. காலு எழுந்துக்க மாட்டேங்குதுக்கா" என்றாள். தண்டவாளத்தைப் பார்த்தபடியே, "என்னை இன்னும் கூப்பிடலையா?" என்று கேட்டாள்.

"உன் தாளை நான்தான் அழிச்சேன் தேவகி. நீ எழுதினது அவங்க கைக்குப் போகவே இல்ல" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். திட்டுவாள், அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அப்படியா" என்று மட்டும் சொன்னாள். கையை என் பிடியிலிருந்து மெதுவாக எடுத்துக்கொண்டாள். புருஷனுக்குப் போன் பண்ணி வரவழைத்து, மூன்று பேருமாக ஆவடி பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே டாக்டரம்மா கிட்டத்தட்ட அதே கேள்விகளை வாய்விட்டுக் கேட்டார். நான் கதவுக்கு வெளியே நின்றேன். ஒவ்வொன்றுக்கும் தேவகி நிதானமாகப் பதில் சொல்வது கேட்டது. ஒரு கேள்விக்கு, "செத்துடணும்னு இல்ல மேடம். எங்கயாவது போய்க் குந்திகினு, எழுந்துக்கவே கூடாதுன்னு இருக்கும்" என்றாள். அவள் புருஷன் என் பக்கத்தில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதான். அவனுக்கும் அன்றுதான் தெரியும்.

மறுநாள் ஷாலினிக்குப் போன் பண்ணி நடந்ததை முழுசாகச் சொன்னேன். அவர் வந்து, எங்கள் லைன் தாள்களையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, சூப்பர்வைசர் யாரும் இல்லாமல் மறுபடி எழுத வைத்தார். தேவகிக்கு இரண்டு மாசம் லீவ் கிடைத்தது, மாத்திரை கொடுத்தார்கள், வாரம் ஒரு முறை பேசப் போனாள். மேனேஜர் என்னை வேலையை விட்டு எடுக்கவில்லை, மிஷினுக்கு அனுப்பினார். அதுதான் என் முட்டி வலி. தேவகி நன்றாகித் திரும்பி வந்து வேறு லைனில் சேர்ந்தாள். இப்போது நெமிலிச்சேரியில் சொந்தமாகத் தையல் கடை வைத்திருக்கிறாள். நம் வீட்டிலிருந்து பார்த்தால் நாலு தெருதான். கடைத்தெருவில் பார்த்தால் தலையை அசைப்பாள். அந்தப் பிளாட்பாரத்துக்குப் பிறகு ஒருநாளும் என்னை அக்கா என்று கூப்பிட்டதில்லை. நானும் அதை எதிர்பார்க்கவில்லை.

அந்த வாரம் நடந்த இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் தாளும் பொய்தானே, நீங்களும் ஒரு தடவை உண்மையாக எழுதிப் பாருங்கள், யாரிடமும் தர வேண்டாம் என்றார் ஷாலினி. கேன்டீனில் தனியாக உட்கார்ந்து எழுதிக் கூட்டிப் பார்த்தேன். தேவகிக்கு வந்ததைவிட இரண்டு எண்தான் குறைவு. எனக்கு நம்பிக்கை வரவில்லை, மறுபடி கூட்டினேன். ஒரு கேள்வி, உங்கள் கையில் இல்லாத விஷயங்களுக்காகக் கோபப்பட்டீர்களா என்பது. அதைப் படித்ததும் உன் முகம்தான் வந்தது. அதற்குப் பத்து நாள் முன்னால், நீ ஹால் டிக்கெட்டை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்தபோது உன்னைக் கன்னத்தில் அறைந்தேன். அறைந்த பிறகும் நிறுத்தவில்லை. ஏம்மா அடிக்கறே, உனக்கு இன்னா ஆச்சு என்று கேட்டாய். எனக்கு ஒன்றுமில்லை, உனக்குத்தான் பொறுப்பில்லை என்றேன். என்ன ஆயிற்று என்று கேட்டால் ஒன்றுமில்லை என்று சொல்ல வேண்டும் என்பதை நீ என்னிடம்தான் கற்றுக்கொண்டாய் பெரியவனே. வேறு யாரையும் நான் குறை சொல்ல முடியாது.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை அடுப்படியில் நின்றேன். அந்தப் பன்னிரண்டு பேரில் யாராவது ஒருவர், இதுவரை யாரும் கேட்டதில்லை என்று அரை மணி நேரம் அந்த ஃபார்மைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். நீ போட்ட அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு மாற்றிப் போட்டிருக்கலாம். நீ ரப்பரை எடுக்கவில்லை, அவர்கள் கையாலேயே அழிக்கச் சொல்லியிருக்கிறாய். நான் செய்ததைவிட அது சின்னத் தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் குரூப்பில் இன்னொரு வரி போடு. முன்னால் சொன்னது தப்பு, உள்ளதைப் போடுங்கள், மேனேஜர் கேட்டால் நான் பேசிக்கொள்கிறேன் என்று போடு. அவர் உன்னை மறுபடி அறைக்குள் கூப்பிடுவார். வேலையில் உன்னைக் கீழே இறக்கினாலும் இறக்குவார். இறங்கினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். முதல் ஒரு மாசம் யார் முகத்தையும் பார்க்க முடியாது. அதற்கப்புறம் முடியும்.

உன்னுடையதை ஒரு நிமிடத்தில் முடித்ததாகச் சொன்னாயே, அதைத்தான் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. ரேவதியைக் கோபித்துக்கொள்ளாதே, நான்தான் வற்புறுத்திக் கேட்டேன். ஆபீசிலிருந்து வந்ததும் நீ மேலே வருவதில்லையாம். பூந்தமல்லி ஃப்ளாட்டின் பார்க்கிங்கில் வண்டியை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறாயாம். பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டே நிற்பாளாம். கீழே வந்து கேட்டால் போன் பேசிக்கொண்டிருந்தேன் என்பாயாம். உன் கையில் போன் இருக்காதாம். சாப்பிடும்போது உன் கட்டை விரலை நானே பார்த்தேன், நகத்தோரம் தோலைப் பிய்த்துப் பிய்த்துப் புண்ணாக்கி வைத்திருக்கிறாய். ரசம் பட்டதும் கையை இழுத்துக்கொண்டாய். இத்தனை நாளில் நீ அந்த அரை மணி நேரத்தைப் பற்றி எங்களில் ஒருவரிடமும் சொல்லவில்லை. நாங்களும் உன்னைக் கேட்கவில்லை. நீ நன்றாகச் சம்பாதிக்கிறாய், நன்றாகப் பேசுகிறாய், நன்றாக இருப்பாய் என்று நாங்களே டிக் போட்டு வைத்துக்கொண்டோம்.

புதன்கிழமை நீ வீட்டிலிருந்துதான் வேலை பார்ப்பாய் என்று ரேவதி சொன்னாள். காலையில் அவள் வேலைக்குக் கிளம்பிய பிறகு நான் வருகிறேன். உன் அப்பாவிடமும் முட்டி விஷயத்தைச் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவேன், அவர் என்ன சொல்வார் என்று எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. நீ எனக்காகக் காபி போட வேண்டாம், வீட்டை ஒழுங்குபடுத்த வேண்டாம். உள்ளே வந்து உட்கார்ந்ததும் எப்படி இருக்கிறாய் என்று கேட்பேன். அதற்கு இப்போதே ஒரு பதிலை யோசித்து வைக்காதே.

அம்மா